கடலோர வெயிலில் பள்ளி விளையாட்டுகளைப் படம்பிடிக்க: கடலூர், புதுச்சேரிப் புதியவர்களுக்கு

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழாவைப் படமெடுத்துத் தருமாறு தலைமையாசிரியர் கேட்டிருக்கலாம். அல்லது தெருவிலுள்ள பிள்ளைகளின் கபடி அணி குறுவட்டப் போட்டிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு நீங்களே முன்வந்திருக்கலாம். கையில் ஒரு கேமரா இருக்கிறது, உறவினர் வீட்டு விசேஷங்களில் எடுத்த பழக்கமும் இருக்கிறது. ஆனால் திறந்த மைதானம், கடலோரத்துப் புழுக்கம், ஒரு கணமும் நில்லாத பிள்ளைகள் ஆகிய மூன்றும் சேரும்போது மண்டபத்தில் பழகியது எதுவும் கைகொடுப்பதில்லை. இங்கே எழுதியிருப்பவை யாரும் சொல்லித் தராமல் மைதானம் மைதானமாகத் தடுமாறித் தெரிந்துகொண்டவை. நல்ல படம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே கேமராப் பொத்தான்களை விடவும் கடிதம், நேரம், நிற்கும் இடம், தண்ணீர் ஆகியவற்றுக்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் எந்த மாதத்தில் இறங்குவது என்று முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்கியபின் குறுவட்டப் போட்டிகள் வருகின்றன. வென்றவர்கள் மாவட்ட அளவுக்குச் செல்கிறார்கள். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் ஆகியவை இவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானங்கள் சேறாகிவிடும். தை பிறந்ததும் பள்ளிகள் ஆண்டு விளையாட்டு விழா நடத்தத் தொடங்குகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் காலையும் மாலையும் நடக்கும்.

முதன்முறையாக இறங்குபவர்கள் தை, மாசி மாதத்து விளையாட்டு விழாவில் தொடங்குவதே நல்லது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பத்து மணிக்கும் முகத்தில் ஓரளவு ஒளி விழும். குறுவட்டப் போட்டிகள் அப்படியல்ல. கடலூரும் புதுச்சேரியும் ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஆகஸ்டில் போட்டி நடந்தால் மே மாதத்தைவிட வெப்பம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் முகத்தில் விழும் நிழல் அதைவிடக் கடுமையாக இருக்கும். கத்திரி வெயிலில் முகாமைப் படமெடுப்பதாக இருந்தால் காலை எட்டரை மணிக்குமேல் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

புதுச்சேரியின் நாள்காட்டி வேறு. அங்குள்ள அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பதால் தேர்வு, விடுமுறை, போட்டி நாட்கள் கடலூரோடு ஒத்துப்போவதில்லை. இரண்டு ஊர்களிலும் எடுக்க நினைப்பவர்கள் இரண்டு பட்டியல்களையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்.

2. அனுமதிக் கடிதத்தைக் கையோடு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். உடற்கல்வி ஆசிரியர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார்; "வாங்க, தாராளமா எடுங்க" என்று தொலைபேசியில் சொல்லியும் இருப்பார். போட்டி நாளன்று அவர் எங்கோ கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருப்பார், வாயிற்காவலருக்கு நம்மைத் தெரியாது. எனக்கு ஒரு பள்ளியில் இப்படித்தான் நடந்தது. தலைமையாசிரியர் அன்று விடுப்பில் இருந்தார்; கையில் தாள் எதுவும் இல்லாததால் நூறு மீட்டர் ஓட்டம் முழுவதும் முடியும்வரை வாயிலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. காவலர் செய்தது முற்றிலும் சரி. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் கேமராவோடு வரும் அறிமுகமில்லாதவரை அவர் நிறுத்தத்தான் வேண்டும்.

எனவே போட்டிக்கு இரண்டு வாரம் முன்பாகவே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், யாருக்காக எடுக்கிறீர்கள், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, படங்கள் எங்கே பயன்படும், கட்டணம் வாங்குகிறீர்களா இல்லையா ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடிதத்துடன் அடையாள அட்டையின் நகல் ஒன்றை இணையுங்கள். ஆதார் என்றால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட வடிவத்தை ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். முழு எண் தெரியும் நகலை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பள்ளி மைதானத்தில் நடக்கும் பள்ளி விழாவுக்குத் தலைமையாசிரியரின் அனுமதி போதும். பல பள்ளிகள் கூடும் போட்டி என்றால், போட்டியை நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியருக்கும் அமைப்புச் செயலராகப் பொறுப்பேற்றிருக்கும் உடற்கல்வி இயக்குநருக்கும் கொடுக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள அண்ணா விளையாட்டரங்கம் போன்ற அரசு அரங்குகளுக்கு மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரின் அனுமதி தேவை. புதுச்சேரி உப்பளத்திலுள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கம் வேறொரு நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது; கடலூரில் வாங்கிய கடிதத்தை அங்கே காட்டிப் பயனில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் தூரம் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடிதத்தை இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை அனுமதி ஆகிவிடாது. நீங்கள் கேட்டதற்கான சான்று மட்டுமே. ஒரு வாரம் கழித்து நேரில் சென்று, அதே பிரதியில் "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையொப்பம் பெற்றால் வேலை முடிந்தது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை; நகலெடுக்கும் செலவும் பேருந்துச் செலவும்தான்.

டிரோன் வேண்டாம். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் எடைக்கேற்பப் பதிவு, உரிமம், பறக்கும் எல்லை என்று பல நிபந்தனைகளை விதிக்கின்றன. புதுச்சேரியில் விமான நிலையமும் இருக்கிறது. அவை எல்லாவற்றையும் நிறைவேற்றினாலும், ஓடும் பிள்ளைகளின் தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளைப் பறக்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

3. பெற்றோர் சம்மதத்தைத் தனித்தாளில் வாங்குங்கள்

பள்ளியின் அனுமதி நீங்கள் உள்ளே நுழைவதற்கானது. பிள்ளையின் படத்தை வெளியிடப் பெற்றோரின் சம்மதம் தனியே வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கோருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு பெண்பிள்ளை கபடி உடையில் இருக்கும் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று அவளுடைய அம்மா கவலைப்படுவதில் தவறே இல்லை.

வகுப்பாசிரியர் மூலம் அனுப்பும் தாளில் நீண்ட வாசகம் தேவையில்லை. இந்த அளவு போதும்: "என் மகன்/மகள் பங்கேற்கும் பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுக்கப்படும் படங்களைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஆண்டு மலரிலும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். சமூக வலைத்தளங்களில் பயன்படுத்த: சம்மதம் / சம்மதமில்லை. செய்தித்தாளுக்குக் கொடுக்க: சம்மதம் / சம்மதமில்லை." கீழே பெற்றோரின் பெயர், கையொப்பம், தேதி. அறிவிப்புப் பலகைக்கும் வலைத்தளத்துக்கும் தனித்தனியே கேட்பது முக்கியம். ஒரே வரியில் கேட்டால், வலைத்தளத்தை விரும்பாத பெற்றோர் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள்; ஆண்டு மலரில் அந்தப் பிள்ளை இல்லாமல் போய்விடும்.

சம்மதம் தராதவர்களின் ஜெர்சி எண்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாள்கள் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும். கடைசி நாளில் கொடுத்தால் பாதிகூட வராது.

4. எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை

விளையாட்டுப் படம் என்றதும் எஃப்2.8 டெலி லென்ஸ் இல்லாமல் முடியாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். டெலி லென்ஸ் என்பது தூரத்தைக் கிட்டே காட்டும் லென்ஸ்; எஃப் எண் அதன் துளையின் அளவு, எண் குறையக் குறைய ஒளி அதிகமாக உள்ளே வரும். பெரிய நிறுவனங்களின் 70-200 எஃப்2.8 லென்ஸ் புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். மாலையில் மின்விளக்கில் நடக்கும் போட்டிக்கு அது அவசியம்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 200, எஃப்5.6 என்று வைத்தாலே ஷட்டர் வேகம் 1/1600 நொடி வரை கிடைத்துவிடும். ஓட்டத்தை உறையவைக்க அது தாராளம். ஆகையால் கேமராவோடு வரும் 55-250 அல்லது 70-300 லென்ஸே பகல் போட்டிகளுக்குப் போதும். பழையதாகப் பத்தாயிரம் ரூபாய் அளவில் தேடினால் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது பேட்டரியும் இரண்டாவது மெமரி கார்டும் வாங்குங்கள்.

எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண ஏ.பி.எஸ்.-சி (முழுச் சட்ட அளவைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவில் 200 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால், முப்பது மீட்டரில் நிற்கும் பிள்ளையைச் சுற்றி ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் உயரம் படத்தில் அடங்கும். அதாவது பிள்ளை சட்டத்தில் பாதி உயரத்துக்கு நிற்பான். அதற்கு அப்பால் நடப்பதை விட்டுவிடுங்கள். கிட்டே வரும்வரை காத்திருங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பணமும் அடையாள அட்டையும் கேட்பார்கள். அட்டையின் நகலைக் கொடுங்கள், மூலத்தை ஒருபோதும் விட்டு வராதீர்கள். வாங்கும்போதே லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியின் முன்னும் பின்னும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் வாக்குவாதம் அதோடு நின்றுவிடும்.

இவற்றைத் தவிர ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி), லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் வெயில் மறைப்பு), வெள்ளைத் துண்டு இரண்டு, அகலமான தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. துண்டு இரண்டு எதற்கு என்பது பின்னால் வருகிறது.

5. முந்தைய நாளே மைதானத்துக்குப் போய்ச் சூரியனைப் பாருங்கள்

போட்டி நடக்கும் அதே நேரத்தில் முந்தைய நாள் அரை மணி நேரம் மைதானத்தில் நில்லுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வேப்பமரம் எங்கே இருக்கிறது, பின்னணியில் கழிப்பறைச் சுவரும் குப்பைத் தொட்டியும் தெரியாத கோணம் எது, தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா ஆகிய நான்கையும் பாருங்கள்.

நம் பகுதியில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் ஏறுகிறது. ஆறு மணிக்கு உதித்தால் ஒன்பது மணிக்கே பாதி வானத்தைத் தொட்டுவிடும்; புருவத்தின் நிழல் கண்ணை மூடத் தொடங்குவதும் அப்போதுதான். எனவே காலையில் எட்டரை மணி வரை, மாலையில் நாலரைக்கு மேல் என்பதே உங்கள் நல்ல நேரம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அழைப்பிதழில் காலை ஏழு மணி என்று இருக்கும். சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிக்கு வருவார். அணிவகுப்பு, கொடியேற்றம், உரைகள் முடிந்து முதல் ஓட்டம் தொடங்கும்போது பத்தரை ஆகிவிடும். உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, தகுதிச் சுற்று ஓட்டங்களையாவது விருந்தினர் வருமுன் நடத்த முடியுமா என்று கேளுங்கள். வெயிலுக்கு முன் ஓடுவது பிள்ளைகளுக்கும் நல்லது என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நானூறு மீட்டர் ஓடுபாதைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக நீண்டு, பார்வையாளர் மாடம் மேற்கில் இருக்கும்படி அமைகின்றன. ஓட்டமோ இடப்புறமாகச் சுற்றி நடக்கிறது. ஆகவே மேற்குப் பக்கத்து நேர்பாதையில் பிள்ளைகள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடி வந்து முடிக்கிறார்கள். நீங்கள் முடிவுக் கோட்டுக்கு அப்பால், தெற்கே, பாதைக்கு வெளியே நின்று வடக்குப் பார்த்தால், ஆவணி கடைசியிலிருந்து சித்திரை தொடக்கம் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஒளி ஓடுபவர் முகத்தின் மேலேயே விழும். இந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்தபிறகு என் படங்கள் மாறிவிட்டன. மாடத்திலேயே அமர்ந்து எடுத்தால் காலைச் சூரியன் நேரே உங்கள் லென்ஸுக்குள் அடிக்கும். மாலையில் மட்டும் அந்த இடம் நல்லது.

கடற்காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். நீளம் தாண்டும் குழியிலும் கபடிக் களத்திலும் எழும் தூசி மேற்கே போகும். மேற்கே நின்றால் தூசி உங்கள் மேலும் லென்ஸ் மேலும் படியும். கிழக்கே நின்றால் காற்று முதுகில், சூரியன் எதிரில். பிள்ளை குழியில் குதிக்கும்போது தெறிக்கும் மணல் ஒவ்வொன்றும் பின்னொளியில் பொன்னாக மின்னும். முடியின் ஓரமும் தோளின் வியர்வையும் கோடாக ஒளிரும். எதிரொளிக்குப் பயந்து பலரும் தவிர்க்கும் இந்தக் கோணத்தை மாலை ஐந்து மணிக்கு ஒருமுறையாவது முயன்று பாருங்கள்.

6. கேமராவை எப்படி அமைப்பது

ஷட்டர் வேகத்தையும் எஃப் எண்ணையும் நீங்களே தீர்மானிக்கும் முறையில் வையுங்கள். ஓட்டம், கபடி, கோ-கோ ஆகியவற்றுக்கு 1/1000 நொடி. கைப்பந்து அடிப்புக்கு 1/1600. எஃப்5.6, ஐ.எஸ்.ஓ. தானியங்கி, மேல் எல்லை 1600. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் நிலையில் இருக்க வேண்டும். கேனான் இதை ஏஐ சர்வோ என்கிறது, நிக்கானும் சோனியும் ஏ.எஃப்.-சி என்கின்றன. விட்டு விட்டு மூன்று நான்கு படங்களாக எடுங்கள். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கார்டு நிறையும், கேமராவும் சூடேறும், முக்கியமான கணத்தில் எழுதி முடிக்காமல் நின்றுவிடும்.

வெள்ளைச் சீருடைதான் பெரும் சோதனை. வெயிலில் பளிச்சிடும் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கேமரா ஒளியைக் குறைத்துவிடும். நம் பிள்ளைகளின் கறுத்த முகங்கள் இன்னும் இருண்டுபோகும். ஒளி ஈடுசெய்தலை (கேமரா கணித்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கூட்டல் 0.7 வரை ஏற்றி, சட்டையில் கொஞ்சம் விவரம் போனாலும் பரவாயில்லை என்று முகத்தைக் காப்பாற்றுங்கள். ரா (கேமரா சுருக்காமல் சேமிக்கும் கோப்பு) வடிவத்தில் எடுத்தால் சட்டையின் விவரத்தை ஓரளவு மீட்கலாம். பின்னர் கணினியில் முகங்களை வெளுப்பாக்கித் தருமாறு சிலர் கேட்பார்கள். அதைச் செய்யாதீர்கள். வெயிலில் விளையாடும் பிள்ளையின் நிறம் அதுதான், அது அழகாகவே இருக்கிறது.

திரையைப் பார்த்து ஒளியை மதிப்பிட வேண்டாம். வெயிலில் எல்லாமே இருட்டாகத் தெரியும். ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள், அல்லது துண்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு பாருங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள், சூடேறினால் அது திரையை மங்கலாக்கிக் கேமராவையே நிறுத்திவிடும் என்பதை நினைவில் வைத்து, இடையிடையே நிழலில் வைக்க வேண்டும்.

7. விளையாட்டுக்கேற்ற இடம்

கபடியில் பாடி வருபவரின் முகம் வேண்டுமா, பிடிப்பவர்களின் முகங்கள் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிடைக்காது. எதிரணியின் இறுதிக் கோட்டுக்குப் பின்னால், மூலையில் தரையோடு உட்கார்ந்தால் பாடி வருபவரின் கண்ணும் நீட்டிய கையும் நேரே கிடைக்கும். செம்மண் களம் என்றால் இன்னொரு நன்மையும் உண்டு: குனிந்து பாடும் பிள்ளையின் முகத்துக்குத் தரையிலிருந்து ஒளி திரும்பிவந்து, உச்சி வெயிலிலும் கண்கள் தெரியும். உட்காருமுன் நடுவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புரண்டு வெளியே வரும் பிள்ளைகள் உங்கள் மோனோபாடில் இடித்துக்கொள்ளக் கூடாது.

கோ-கோவில் கம்பத்தின் அருகே கவனம் வையுங்கள். ஓடுபவர் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும் கணம் ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். ஃபோகஸை அங்கேயே வைத்துக் காத்திருந்தால் போதும்.

சிலம்பத்துக்கு இரு வழிகள். கம்பு உறைந்து நிற்க வேண்டுமானால் 1/2000. கம்பு வட்டமாகச் சுழலும் தோற்றம் வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்16, 1/125. முழு வெயிலில் அந்த மூன்றும் சரியான ஒளியையே தரும். சுற்றுபவரிடமிருந்து கம்பின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி நில்லுங்கள்.

தொடரோட்டத்தில் கோல் கைமாறும் இடத்தை மட்டும் எடுங்கள். மற்றதெல்லாம் சாதாரண ஓட்டம்தான்.

கடைசியாக வருபவரையும் எடுங்கள். முதல் மூவரை எடுத்ததும் கேமராவைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பழக்கமாகிவிடுகிறது. ஆண்டு மலருக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது, தன் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று எல்லாப் பிள்ளைகளும்தான் தேடுகிறார்கள். "அண்ணா, என்னையும் ஒரு போட்டோ எடுங்கண்ணா" என்று கேட்பவர்களை ஒருபோதும் திருப்பி அனுப்பாதீர்கள். ஓட்டங்களுக்கு இடையே அதற்கு நேரம் இருக்கிறது.

8. பத்து மணிக்கு மேல்

பத்து மணிக்கு மேல் தூரத்துப் படங்கள் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். ஃபோகஸ் கெட்டுவிட்டது, லென்ஸ் பழுது என்று நினைத்துப் பலரும் பழுதுபார்க்கும் கடைக்குப் போகிறார்கள். சூடேறிய தரைக்கு மேல் எழும் காற்றுத்தான் காரணம். சிமெண்டிலும் செயற்கை ஓடுபாதையிலும் இது இன்னும் அதிகம். எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. தூரத்தைக் குறைத்துக்கொள்வது ஒன்றே வழி: கிட்டே வரும் பிள்ளையை மட்டும் எடுங்கள்.

இந்த நேரத்தில் நான் ஆட்டக்களத்தை விட்டு மரநிழலுக்குப் போய்விடுவேன். காலில் முள் எடுத்துவிடும் தோழி, ஸ்பைக்ஸை மாற்றிப் போட்டுக்கொள்ளும் இருவர், வாழைப்பழத்தைப் பாதியாகப் பிட்டுப் பகிர்பவர்கள், தோற்றுவிட்டுத் தனியே உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் அணித் தலைவி. நிழலின் மெல்லிய ஒளியில் முகங்கள் தெளிவாக இருக்கும், கேமராவும் குளிரும். அழுகிற பிள்ளையை எடுக்குமுன் யோசியுங்கள். மயங்கி விழுந்தவரையும் உடை மாற்றும் இடத்தையும் எடுக்கவே கூடாது.

9. உங்கள் உடம்பும் பிள்ளைகளின் உடம்பும்

கடலோர வெயிலில் வியர்வை காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால் வேலூர் வெயிலைவிட இங்கே வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் களைப்புக் குறையாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். உப்பிட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். ஆகியவை நல்லவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கால் லிட்டர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில். முதல் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டெலி லென்ஸ் வழியே பார்ப்பவர்தான் மைதானத்திலேயே பிள்ளைகளின் முகத்தை மிக அருகில் பார்ப்பவர். நடுவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். கால் பின்னும் ஓட்டம், எங்கோ வெறிக்கும் பார்வை, கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பேசுவது, பாதையை விட்டு விலகிச் செல்வது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது படம் எடுக்காமல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைத்து, 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

10. வெயில், உப்பு, பூஞ்சை

பெரும்பாலான கேமராக்கள் 40 பாகை செல்சியஸ் வரைதான் இயங்கும் என்று அவற்றின் கையேட்டிலேயே இருக்கிறது. வெயிலில் நிற்கும் கறுப்பு உடல் அதை எளிதில் தாண்டிவிடும். இரண்டாவது துண்டு இதற்குத்தான்: உலர்ந்த துண்டைக் கேமராவின் மேல் போர்த்திவையுங்கள். பூட்டிய காரிலோ இருசக்கர வண்டியின் பெட்டியிலோ கேமராவையும் பேட்டரியையும் விட்டுப் போகாதீர்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து நேரே புழுக்கத்துக்குள் வந்து பையைத் திறந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்த்துவிடும். மூடிய பையை அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறவுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கைப்பந்தோ கடற்கரைக் கபடியோ எடுப்பதாக இருந்தால், வீட்டிலேயே லென்ஸை மாட்டிக்கொண்டு போய், திரும்பி வரும்வரை கழற்றாதீர்கள். வீடு வந்ததும் முதலில் தூரிகையால் மணலைத் தட்டி, பிறகு நன்கு பிழிந்த ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கீறல் விழும்; உப்போடு விட்டால் திருகாணிகள் துருப்பிடிக்கும்.

மழை மாதங்களில் தோல் பையில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது கடலோரத்தில் சர்வசாதாரணம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல்லும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் சிறு தீயில் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

11. படங்களை ஒப்படைப்பது

அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிட்டு, அதன்பிறகு மட்டும் கார்டை அழியுங்கள். சம்மதமில்லாத பிள்ளைகளின் தனிப்படங்களையும், விளையாட்டின் அசைவில் உடை விலகிய படங்களையும் முதலிலேயே நீக்குங்கள். மிச்சத்தில் நூறு படங்களுக்கு மேல் பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் கொட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் பென்டிரைவில் தலைமையாசிரியரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மொத்தமாகப் போடாதீர்கள். ஒரு பிள்ளையின் படம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போகட்டும். வலைத்தளத்தில் இடும் படத்தில் பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, பள்ளி மூன்றும் சேர்ந்து வரக் கூடாது. இருப்பிடக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

கட்டணம் வாங்கினால் தொகையை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்காவிட்டால், பிரிண்ட் போடும் செலவையாவது யார் ஏற்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு அணியிலும் இருப்பார்கள். அவர்களுக்கு 4x6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.